தரையில் உட்காரும் கணக்கு

தம்பி,

நீ கோபித்துக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறிப் போய்விட்டாய். கூடத்தில் நீ வைத்துவிட்டுப் போன இரண்டு எடை மெஷின்களும் அப்படியேதான் கிடக்கின்றன. ஒன்று நம்முடையது, இன்னொன்று எதிர்வீட்டில் இரவல் வாங்கியது. அவர்கள் இன்னும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. உங்கப்பா அதில் தடுக்கி விழப் பார்த்து, "என்னா டீச்சரே, ரிட்டயர் ஆயும் லேப்ப மூட மாட்டியா?" என்று சத்தம் போட்டார். போனில் பேசினால் நீ பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. பல வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்திய எனக்கு வகுப்பில்கூடக் கிடைக்காத வசதி இது. அதனால் நிதானமாகவே எழுதப்போகிறேன், நீயும் நிதானமாகப் படி.

கடலூர் டாக்டர் என் வலது முழங்காலைப் பார்த்து, மூட்டை மாற்றிவிடலாம் என்று சொல்லி வெகுநாளாகிறது. நீ இந்தத் தடவை ஒரு வாரம் லீவு போட்டு, ஆஸ்பத்திரியில் தேதியும் கேட்டு வைத்துக்கொண்டு சிதம்பரம் வந்தாய். வந்து பையைக்கூட இறக்கவில்லை, நான் ஒரு கேள்வி கேட்டேன். மாற்றிய முட்டியை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் மீன் வெட்ட முடியுமா? "மார்க்கெட்லயே வெட்டிக் குடுக்கறாங்களேம்மா" என்றாய். வெட்டிக் கொடுக்கிறார்கள்தான். நான் கேட்டது மீனைப் பற்றி இல்லை. எனக்கு எல்லா வேலையும் தரையில்தான் நடந்திருக்கிறது. பரீட்சைத் தாள் திருத்தியது, ட்யூஷன் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டியது, உனக்குச் சோறு ஊட்டியது, எல்லாமே கீழே உட்கார்ந்துதான். நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்கு யாரோ வீட்டுக்கு விருந்துக்குப் போன மாதிரி இருக்கும். அந்தத் தரையை விட்டுவிடு என்று சொல்கிறவர்கள் காரணத்தையும் சொல்ல வேண்டாமா?

அதற்குச் சரியான ஆள் நீதான் என்று நினைத்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் டிராக்டருக்கு வைக்கிற இரும்புத் தாங்கிகளைக் கம்ப்யூட்டரில் வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். இப்போது உன் கம்பெனியில் செயற்கை மூட்டுகளுக்கு அதே வேலையைச் செய்கிறாய். ஒரு பொருளைக் கம்ப்யூட்டருக்குள் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, எங்கே பாரம், எங்கே பிடிப்பு என்று சொல்லிவிட்டால், ஒவ்வொரு துண்டும் எவ்வளவு நசுங்குகிறது என்று அது கணக்குப் போட்டுக் காட்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் நீதான். "என்னென்ன பாரம் வெச்சுப் பாப்பீங்க?" என்று கேட்டேன். "நடக்கறது, படி ஏறி எறங்கறது, சேர்ல உக்காந்து எழுந்திரிக்கறது" என்றாய். "தரையில உக்கார்ற ஆளே கிடையாதா?" "அப்படிச் செய்யறவங்களும் இருக்காங்கம்மா. எங்களுக்கு வந்த வேலையில அது இல்ல." அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எலும்பு யாருடையது என்று கேட்டேன். யாருடையதும் இல்லை, ஒரு சராசரி ஆள் என்றாய். எனக்கு அந்த சராசரி அம்மாளை நினைத்துச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் எந்த ஊர், என்ன சாப்பிடுவாள், குமராட்சிக்கு மினி பஸ்ஸில் ஏறியிருக்கிறாளா? சரி, அவளை எடுத்துவிட்டு என்னை உள்ளே போடு என்றேன். நீயும் உற்சாகமாகிவிட்டாய். அந்த முகத்தைப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று தெரியுமா?

மறுநாள் காலையில் நம் கூடம் இருந்த அழகை உன் பெண்டாட்டிக்குச் சொன்னாயோ இல்லையோ. ஒவ்வொரு காலுக்குக் கீழும் ஒரு எடை மெஷின். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்று இடத்திலும் புடவைக்கு மேலே என் ஸ்டிக்கர் பொட்டு, உன் போன் கேமராவுக்கு அடையாளம் தெரிவதற்காக. உங்கப்பா அண்ணங்கோயில் மீன்பிடித் துறையில் இருந்து கிழங்கான் மீன் வாங்கிக்கொண்டு வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். "மீனு வெட்டறதுக்கா இத்தன சோடன?" என்றார். கீழே இறங்கும்போது மெஷினில் எடை கூடும் என்று அவர் அடித்துச் சொன்னார். கூடவில்லை. மெதுவாக இறங்கினால், தரையைத் தொடும்வரை இரண்டையும் கூட்டினால் என் எடைதான். "அப்போ முட்டிக்கு மட்டும் ஏன் வலிக்கிது?" என்று அவர் கேட்டது நல்ல கேள்வி. கிணற்று ராட்டினத்தை வைத்து நீ சொன்ன பதில் அதைவிட நன்றாக இருந்தது. வாளியின் எடை ஒரு பக்கம் தொங்குகிறது, நாம் இழுப்பது இன்னொரு பக்கம், ராட்டினத்தின் அச்சு இரண்டையும் சேர்த்துத் தாங்குகிறது. முட்டியும் அப்படித்தான், உடம்பின் எடையோடு தொடைச் சதை இழுக்கிற இழுப்பும் சேர்ந்து அதையே அமுக்குகிறது என்றாய். நான் வகுப்பில் ராட்டினம் நடத்தியபோது ஒரு நாளும் என் முட்டியை நினைத்ததில்லை. உன்னை உட்கார வைத்து அந்தப் பாடத்தை மறுபடி கேட்கலாம் போல இருந்தது.

அன்று மத்தியானம் பூராவும் நம்மைப் படுத்திய அந்தக் குழப்பத்தையும் மறந்திருக்க மாட்டாய். இறங்கும்போது கூட்டுத்தொகை சரியாக வருகிறது, எழுந்திருக்கும்போது மட்டும் குறைகிறது. எழுந்தால் நான் இளைத்துவிடுவேனா? நீ பேட்டரியை மாற்றினாய். நான் மெஷின்களை இடம் மாற்றினேன். தரை சமமாக இல்லையோ என்று அடியில் அட்டை வைத்துப் பார்த்தோம். கடைசியில் வீடியோவைத் திரும்ப ஓட்டினால், எழும்போதெல்லாம் என் இடது கை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது! பிடிக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை, உன் கண்ணிலும் படவில்லை. முதல் வருஷம் மெக்கானிக்ஸ் பேப்பரில் நீ அரியர் வைத்தாயே, அதே கதை. சுவரில் சாய்ந்திருக்கும் ஏணிக் கணக்கு உனக்கு வரவே வராது. ஏணியை மட்டும் தனியாக வரை, சுவரை அழி, தரையை அழி, அவை செய்த வேலையை அம்புக்குறியாகப் போடு என்று உன்னிடம் கத்தியிருக்கிறேன். நீ ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு அம்பை விட்டுவிடுவாய். இப்போது நாம் இருவரும் சேர்ந்தே ஒன்றை விட்டுவிட்டோம். நீ சிரித்த சிரிப்பில் உங்கப்பா தூக்கத்திலிருந்து எழுந்து வந்தார். இதை ஒரு புத்திமதியாகவே எடுத்துக்கொள். வேலையிலும் சரி, வீட்டிலும் சரி, கூட்டுத்தொகை குறைந்தால் மெஷினைத் திட்டுவதற்கு முன்னால், யார் சத்தமில்லாமல் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்.

அதற்கப்புறம் நான் கண்டுபிடித்தது ஒன்று. அதை நீ கையில் எழுதிக்கொண்டபோது எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. எனக்குக் கீழே உட்கார்ந்திருக்கும்போது வலியே இல்லை. நேராக நிற்கும்போதும் பெரிதாக இல்லை. நடுவில், தொடை தரைக்குக் கிடையாக வரும் அந்த இடத்தில்தான் உயிர் போகிறது. நீ உடனே படம் போட்டுக் காட்டினாய். அந்த இடத்தில்தான் முட்டிக்கும் உடம்பின் பாரம் இறங்கும் கோட்டுக்கும் நடுவில் இடைவெளி அதிகம், அதனால் சதை ஜாஸ்தி இழுக்க வேண்டும். கீழே போய்ச் சேர்ந்துவிட்டால் பாரத்தைத் தரை வாங்கிக்கொள்கிறது. அப்படியானால் என் தரை குற்றவாளி இல்லை, தரைக்குப் போகிற வழிதான் குற்றவாளி என்று நான் தீர்ப்பே எழுதிவிட்டேன். உன் கம்ப்யூட்டர் வேறு தீர்ப்பு வைத்திருந்தது. சாயங்காலம் நீ மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாய். செயற்கை மூட்டில் இரண்டு உலோகத்துக்கு நடுவே வைக்கிற பிளாஸ்டிக் தட்டு அது. அதன் பின்பக்க விளிம்பில் ஒரு இடம் பழுத்த மிளகாய் மாதிரி சிவந்திருந்தது. "பாத்தியா, நீ உக்கார்ற மாதிரி மடக்கினா இங்கதான் அமுக்குது" என்றாய்.

நான் கிட்டே குனிந்து அந்தப் படத்தைப் பார்த்தேன். வாய் சும்மா இருக்கவில்லை. அந்தச் சிவப்பு எந்த அளவில் ஆரம்பிக்கிறது என்று கேட்டேன். நீ ஓரத்தில் இருந்த நிறப்பட்டையைப் பார்த்தாய், அப்புறம் என்னைப் பார்த்தாய். "ரேஞ்ச் மாத்தல போலருக்கும்மா" என்று தலையைச் சொறிந்தாய். அந்தப் படத்தில் இருப்பதிலேயே பெரிய அழுத்தம் எதுவோ அதற்கு அதுவாகவே சிவப்பு அடித்துவிடுமாம், அது ஆபத்தா இல்லையா என்பது அதற்குத் தெரியாதாம். வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளை முப்பத்தைந்து மார்க் வாங்கியிருந்தாலும் முதலாவதுதானே. பிளாஸ்டிக் எவ்வளவு தாங்கும் என்று போட்டு நீ மறுபடி வரைந்ததும் சிவப்பு மஞ்சளாகிவிட்டது, ஓரத்தில் மெல்லிசாக ஒரு கோடு மட்டும் நின்றது. நான் ஜெயித்துவிட்டதாகக் கை தட்டினேன். நீ தட்டவில்லை. "இது சந்தோஷப்படற விஷயமில்லம்மா. ஒருவாட்டி தாங்கும். தெனமும் பண்ணா தேஞ்சுபோவும். அதோட நான்தான் இத வலுக்கட்டாயமா மடக்கி வெச்சிருக்கேன். நெஜத்துல இந்த மாடல் அவ்ளோ தூரம் மடங்காது" என்றாய். நிறத்தைப் பற்றி நான் சொன்னது சரி. முட்டியைப் பற்றி நீ சொன்னது சரி. அதை அப்போதே ஒத்துக்கொண்டிருந்தால் நீ கோபித்துக்கொண்டு போயிருக்க மாட்டாய்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த நாள் துண்டுகளை இன்னும் சின்னதாக்கிப் பார் என்றேன். அதற்கடுத்த நாள் ஒரு முக்காலி போட்டுப் பார், காலை நீட்டிப் பார், எலும்பை நீ பிடித்து வைத்திருக்கும் இடம் சரிதானா பார் என்று வரிசையாகச் சொன்னேன். நீ பொறுமையாக ஒவ்வொன்றையும் ஓடவிட்டாய். உன் லீவு கரைந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த தேதியும் போய்விட்டது. அன்று சாப்பிட்டுக்கொண்டிருந்த நீ தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னாய். "நீ தெரிஞ்சிக்கறதுக்குக் கேக்கலம்மா. தள்ளிப்போடறதுக்குக் கேக்கற. உனக்குப் பயம். அத நேரா சொல்லேன்." உங்கப்பா தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். நான், "கேள்வி கேக்கறவங்களுக்குப் பயம்னா, கேக்காதவங்க எல்லாம் வீரனுங்களா?" என்று வீம்புக்குப் பேசினேன். நீ பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

நீ சொன்னது பாதி சரி. பயம்தான். கத்தி பயமில்லை, மயக்க ஊசி பயமில்லை. கீழே இருக்கிற உலகத்துக்கு இனிமேல் போகவே முடியாது என்பதுதான் பயம். ஆனால் கேள்விகளும் உண்மையான கேள்விகள்தான், தம்பி. எனக்குப் பயம் வந்தால் கேள்வியாகத்தான் வரும், நான் அப்படிப்பட்ட ஆள். நீ வயிற்றில் இருந்தபோது அந்த டாக்டரம்மாவை நான் படுத்திய பாட்டை உங்கப்பாவைக் கேள். இதையும் உன் காதில் போட்டு வைக்கிறேன். உன்னிடம் யாராவது ஓயாமல் கேள்வி கேட்டால், அவர்கள் உன்னை நம்பவில்லை என்று எடுத்துக்கொள்ளாதே. நம்பாத ஆளிடம் யாரும் அவ்வளவு கேட்பதில்லை.

நீ போன மறுநாள் காபி போட்டுவிட்டு வந்தவள், சும்மா அந்த இரண்டு மெஷின் மேலும் ஏறி நின்றேன். உட்காரவில்லை, மடக்கவில்லை, எதையும் பிடிக்கவுமில்லை. வெறுமனே நின்றேன். நாம் அந்த வாரம் முழுக்கக் கூட்டுத்தொகையைத்தான் பார்த்தோம், தனித்தனியாகப் பார்க்கவே இல்லை. இடது பக்க மெஷின் வலது பக்கத்தைவிட ரொம்ப அதிகமாகக் காட்டியது. மெஷினைச் சந்தேகப்பட்டு இடம் மாற்றினேன். அப்போதும் இடதுதான். கண்ணை மூடிக்கொண்டு நின்று உங்கப்பாவைப் படிக்கச் சொன்னேன். இடதுதான். வலது கால் வலிக்கிறதே என்று அதற்கு ஓய்வு கொடுத்துக்கொண்டு, இத்தனை வருஷமாக முழுப் பாரத்தையும் இடது காலில் ஏற்றியிருக்கிறேன், நேராக நிற்பதாக நினைத்துக்கொண்டே! இரண்டு தாங்கிகள் மேல் ஒரு சட்டம் இருந்தால், ஒன்றில் குறைவது மற்றதில் ஏறும். இதைக் கரும்பலகையில் எத்தனை பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டியிருப்பேன். நான் மட்டும் பின்பெஞ்சில் தூங்கியிருக்கிறேன்.

அன்றைக்கே உங்கப்பாவை இழுத்துக்கொண்டு கடலூர் போனேன். பஸ்ஸின் முதல் படி எவ்வளவு உயரம் என்று இப்போதுதான் கவனித்தேன். சேத்தியாத்தோப்புக்கும் குமராட்சிக்கும் வேலைக்குப் போன காலமெல்லாம் "ஏறும்மா, ஏறு ஏறு" என்று கண்டக்டர் அவசரப்படுத்த, வலது காலை வைத்துத்தான் தாவி ஏறியிருக்கிறேன். எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லாத ஒரு பாரம் அது. திருப்பாதிரிப்புலியூரில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். மூட்டை மாற்றச் சொன்ன அதே டாக்டர்தான், சின்னப் பெண், உன்னைவிட நாலைந்து வயது பெரியவளாக இருப்பாள். எடை மெஷின் கதையைச் சொன்னதும் அவள் சிரிக்கவில்லை, இரண்டு முட்டிக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாள். இடதிலும் எலும்புக்கு நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி குறைய ஆரம்பித்திருக்கிறது. "இது இப்போதைக்கு ஓடும்மா. ஆனா வலது பக்கத்த இப்படியே உட்டீங்கன்னா, இதுவும் சீக்கிரம் போயிரும்" என்றாள்.

அவளிடமும் தரையைக் கேட்டேன், கேட்காமல் இருப்பேனா? அதிகம் மடங்குகிற மாதிரி மூட்டும் இருக்கிறது, ஆனால் இத்தனை நாள் வலியில் என் கால் மடங்குவதே குறைந்துபோய்விட்டது, அதனால் சம்மணம் போடலாம் என்று தன்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்றாள். சுற்றி வளைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அப்புறம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஒக்கார முடியாதுங்கறத உட்ருங்க. இந்த முட்டிய வெச்சி நீங்க என்னா செய்யணும்னு ஆசப்படறீங்க? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டாள். அரிவாள்மனை என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். உங்கப்பாவும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பார். என் வாயில் வந்தது வேறு. "என் பையன் மூணாவது மாடியில இருக்கான் டாக்டர். லிஃப்ட் கிடையாது. அவன் வூட்ட நான் இன்னும் பாக்கல" என்றேன். உங்கப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போன வருஷம் கல்யாணம் முடிந்து நீங்கள் அந்த வீட்டுக்குக் குடி போன அன்று, பால் காய்ச்ச வேண்டியவள் நான். முதல் மாடித் திருப்பம் வரைக்கும்கூட என்னால் ஏற முடியவில்லை. வெயில் ஜாஸ்தி, தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டுக் கீழே வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பொய்யை நம்பினவள் உன் பெண்டாட்டி ஒருத்திதான். அவள்தான் பொங்கின பாலை டம்ளரில் எடுத்துக்கொண்டு மூன்று மாடியும் இறங்கி வந்து, "அத்த, சூடா இருக்கு, பாத்து" என்று கொடுத்தாள். நீ மேலேயிருந்து வீடியோ காலில் அடுப்படியையும் பால்கனியையும் காட்டினாய். நான் தெருவில் உட்கார்ந்துகொண்டு, நல்லா இருக்குடா, நல்லா இருக்குடா என்றேன். அதற்கப்புறம் நான் சென்னைக்கு வரும்போதெல்லாம் நீ கீழே இறங்கி வந்து டீக்கடையில் உட்கார வைத்துப் பேசி அனுப்புகிறாய். அந்தக் கடை டீ உனக்குப் பிடிக்கும் என்று வேறு சொல்கிறாய். நீ டீயே குடிக்க மாட்டாய் என்று பெற்றவளுக்குத் தெரியாதா?

ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிட்டேன். வலது கால் மட்டும்தான், இடது காலுக்கு அதனால் கொஞ்சம் ஆயுசு கூடும். நீ லீவு கேட்டு யாரிடமும் நிற்க வேண்டாம், சனி ஞாயிறு வந்து பார்த்தால் போதும். தரையை விடுவது எனக்குச் சுலபமில்லை. இன்று காலையில் கிழங்கான் வெட்டும்போது அழுகை வந்தது, வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டேன். உன் வீட்டில் எனக்கு ஒரு நாற்காலி வாங்கிப் போடு. ரொம்பத் தாழ்வாக வேண்டாம். தொடை கிடையாக வரும் இடம் எதுவென்று உனக்குத் தெரியும், அதைவிட உயரமாக இருக்கட்டும். டாக்டர் மூன்று மாடிக்கு உறுதியாக ஆமாம் சொன்னாள், ஆனால் மெதுவாக, நின்று நின்று ஏற வேண்டுமாம். அதை நான் இப்போதே கணக்குப் போட்டுப் பார்க்க ஆசைப்படுகிறேன். நான் பார்க்காத படிகள் அவை. டேப் எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய், ஒரு படி எவ்வளவு உயரம் என்று அளந்து சொல்.

அம்மா